கிரைண்டருக்குக் கீழே ஒரு சணல் பலகை

கல்யாணச் சீராக என் மாமனார் கட்டில் கொடுக்கவில்லை, பீரோ கொடுக்கவில்லை. ஒரு கிரைண்டர் கொடுத்தார். கோயம்புத்தூரில் செய்தது. இரும்புச் சட்டம், மோட்டார், பெல்ட், உள்ளே ஓர் ஆள் தனியாகத் தூக்க முடியாத கல். சாக்கு சுற்றி, வைக்கோல் திணித்து, ரயிலில் எங்கள் பின்னாலேயே கல்கத்தாவுக்கு வந்தது. ஹவுரா ஸ்டேஷனில் அதை இறக்கிய கூலியாட்கள் உள்ளே சாமி சிலை இருக்கிறது என்று தாங்களாகவே முடிவு செய்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தூக்கினார்கள். நான் மறுக்கவில்லை. சிலை என்றால் பத்திரமாக இறக்குவார்கள்.

எழுபதுகளின் பின்பாதி அது. ஹவுராவில் ஒரு சந்துக்குள் இருந்த ஃபைபர் கிளாஸ் பட்டறையில் எனக்கு வேலை. கண்ணாடி நாரால் நெய்த துணியை அச்சின்மேல் விரித்து, ரெசின் என்கிற பிசினைப் பிரஷ்ஷால் பூசி, அடுக்கடுக்காக ஏற்றிக் காயவிட்டால், இரும்பைவிட லேசான, மரத்தைவிடக் கெட்டியான ஒரு பொருள் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டி, நாற்காலி, மோட்டார் மூடி என்று எது கேட்டாலும் செய்து கொடுப்போம். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் ஃபைபர் கிளாஸில் ஒரு பதில் இருக்கிறது என்று நான் அந்த வயதில் நம்பினேன். யாரும் கேட்காதபோதும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாண வீடுகளில் என் பக்கத்து இலை எப்போதும் காலியாக இருந்ததற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது.

குடியிருந்தது டாக்குரியாவில், ரயில் பாதையை ஒட்டிய பழைய வீடு. மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர். அவர் ஹோமியோபதி டாக்டர். தெருவே அவரை டாக்டர் பாபு என்று கூப்பிடும். முன்னறையில் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். அவற்றில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் புட்டிகள், ஒவ்வொன்றின் தக்கையிலும் மருந்தின் பெயரும் அதன் வீரியத்தைச் சொல்லும் எண்ணும். காசில்லாதவர்களுக்கும் அதே பொறுமையோடு மருந்து கொடுப்பார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார், ராத்திரி என்ன கனவு வந்தது என்று கேட்பார். நல்ல மனிதர்.

என் மனைவிக்கு முதல் வருஷம் அந்த ஊர் ஒட்டவேயில்லை. பாஷை தெரியாது. பேச்சுத்துணை கிடையாது. நான் காலையில் கிளம்பினால் இருட்டும்போது வருவேன். வந்ததும் ரெசின் நாற்றத்துக்காக என்னை வாசலிலேயே நிறுத்தி, சட்டையைக் கழற்ற வைத்து, பிறகுதான் உள்ளே விடுவாள். சோறு போடுவாள். நான் கை கழுவி வந்ததும் அதே கேள்வி வரும்.

"ஏனுங்க, ஊர்ப்பக்கம் ஒரு வேலை தேடிப் பார்க்கக் கூடாதுங்களா?"

பார்க்கலாம் என்பேன். பார்க்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம். ஒருநாள் கேட்காமலேயே பெட்டியைக் கட்டிவிடுவாளோ என்று.

அவளை மீட்டது அந்தக் கிரைண்டர்தான். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ் வீட்டுக்கு, விசேஷம் என்று ஒரு தூக்கு மாவு கொடுத்தாள். அந்த அம்மாள் இன்னொருத்தியை அனுப்பினாள். அந்த இன்னொருத்தி நாலு பேரிடம் சொன்னாள். கொஞ்ச நாளில் எங்கள் மாடிப்படியில் எவர்சில்வர் தூக்குகள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. மாவு வாங்க வந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். எதிர்வீட்டு வங்காளிப் பெண்கள் தோசைக்கு என்று ஆரம்பித்து, நெற்றியில் வைத்த குங்குமம் எங்கே வாங்கியது என்பது வரை வந்துவிட்டார்கள். 'நாளைக்குக் காலையில் வாங்க', 'புளிச்சிரும், சீக்கிரம் செஞ்சிருங்க' எல்லாம் அவள் வங்காளத்தில் சொல்லக் கற்றுக்கொண்டாள். கரண்ட் போகும் நேரம் போகாத நேரம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அரிசி ஊறுகிற நேரத்தை லோட் ஷெடிங்குக்குத் தக்கபடி முன்னும் பின்னும் தள்ளி வைப்பாள். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவி வந்து நின்றேன். கேள்வி வரவில்லை. அது வராமல் போய்ப் பல நாளாயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அவளிடம் சொல்லவில்லை. சொல்லப்போய் ஞாபகம் வந்துவிட்டால்?

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் பாபு மாடியேறி வந்தார். அவர் பாதி வங்காளம் பாதி இங்கிலீஷ் பேசுவார். நான் பாதி இங்கிலீஷ், மீதி கைஜாடை.

"பௌமா," என்று என் மனைவியைப் பார்த்து ஆரம்பித்தார். மருமகளே என்று அர்த்தம். "உன் மெஷின் ஓடும்போது கீழே ஷோப் நோர்ச்சே." எல்லாம் ஆடுகிறதாம்.

சத்தத்துக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை வீசி அதைத் தள்ளிவிட்டார். சத்தம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நோயாளிகள் அதைவிடச் சத்தம் போடுகிறார்கள். விஷயம் வேறு.

"எங்க மருந்துக்குப் பலம் எதுல வருது தெரியுமா? குலுக்கறதுல. ஒவ்வொரு தடவை கரைக்கும்போதும் புட்டியைக் கையில வெச்சுக் குலுக்கணும். குலுக்கக் குலுக்க வீரியம் ஏறும். உங்க மெஷின் காலையில குலுக்குது, சாயங்காலம் குலுக்குது. முப்பதுன்னு எழுதின புட்டி இப்ப முப்பதா இருக்கா, இருநூறாப் போயிடுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? போன வாரம் ஒரு சாதுவான குமாஸ்தாவுக்கு மலச்சிக்கல்னு லேசான மருந்துதான் கொடுத்தேன். மனுஷன் மூணு நாளா ஆபீஸ் போகலை."

வீட்டுக்குப் பின்னாலேயே ரயில் போகிறதே, அப்போதும்தானே ஆடுகிறது என்று கேட்டேன்.

"ரயில் என் அப்பா காலத்துலேர்ந்து ஓடுது. அதை நான் கணக்குல சேர்த்தாச்சு," என்றார்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவர் சாக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டார். தன் கையால் கொடுக்கிற மருந்து என்ன செய்யும் என்று தெரியாமல் கொடுப்பது அவர் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜை வரைக்கும் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் மெஷின் நிற்க வேண்டும், இல்லையென்றால் நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். இதை மிகவும் மெதுவாக, வருத்தத்தோடு சொன்னார். சொல்லிவிட்டு, என் மனைவி வைத்த தோசையை முழுசாகச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வேறு வீடு என்பது பேச்சுக்குத்தான். அந்த எமனை மாடியில் ஏற்றச் சம்மதிக்கிற வீட்டுக்காரர் கல்கத்தாவில் இன்னொருத்தர் கிடையாது. அன்றைக்குக் கை கழுவி வந்ததும் கேள்வி திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை அவள் என் முகத்தைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை.

"மெஷினை நிறுத்திட்டு நான் இங்க என்னங்க பண்றது? ஊர்ப்பக்கமே போயிரலாமுங்க."

"நிறுத்த வேண்டாம். அடியில ஒரு பலகை செஞ்சு போடறேன். அதிர்வு கீழே இறங்காது."

"ஃபைபர் கிளாஸுங்களா?" என்றாள். வேறு பெண்கள் 'மறுபடியும் குடிச்சிருக்கீங்களா' என்று கேட்கிற அதே தொனியில்.

முதல் பலகையைக் கண்ணாடி நாரில்தான் செய்தேன். அடுக்குமேல் அடுக்காக ஏற்றி, மேலே வழவழவென்று பூச்சுக் கொடுத்து, பச்சை நிறம் கலந்து, பார்ப்பவர் கண்ணை எடுக்க முடியாதபடி. கெட்டியாக இருந்தால் ஆடாது என்று என் எண்ணம். கிரைண்டரை அதன்மேல் தூக்கி வைத்து ஸ்விட்சைப் போட்டோம். கிரைண்டர் நடக்க ஆரம்பித்தது. வழவழப்பான பலகையில் கால் நிற்காமல், குலுங்கிக் குலுங்கி சாமி அலமாரியை நோக்கிப் போயிற்று. என் மனைவி பாய்ந்து ஸ்விட்சை அணைத்தாள். கீழேயிருந்து புட்டிகள் ஒட்டுமொத்தமாகக் கிணுகிணுத்த சத்தம் படியேறி வந்தது. முன்பு சும்மா நடுங்கிக்கொண்டிருந்தவை இப்போது பாடவே செய்தன.

"சாமி கும்பிடப் போச்சுங்க," என்றாள் அவள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் அவள்மேல் இல்லை, அந்தப் பச்சைப் பலகையின்மேல்.

மறுநாள் பட்டறையில் அதே கோபத்தோடு ஒரு ஸ்பானரால் அங்கே கிடந்த துண்டுகளையெல்லாம் தட்டிக்கொண்டே போனேன். கண்ணாடி நார்த் துண்டைத் தட்டினால் டங் என்று ஓசை வந்து, கொஞ்ச நேரம் நிற்கும். மூலையில் ஒரு சணல் துண்டு கிடந்தது. கண்ணாடித் துணி விலை ஏறுகிறதே என்று முதலாளி சணல் துணியில் ரெசின் பூசிச் செய்துபார்த்து, அழகில்லை என்று தூக்கிப் போட்டது. அதைத் தட்டினேன். தொப். அவ்வளவுதான். ஓசை உள்ளே போனது, வெளியே வரவில்லை. நான் மறுபடி மறுபடி தட்டினேன். தொப், தொப்.

கெட்டியான பொருள் அதிர்வை வாங்கினபடியே அடுத்த பக்கம் சேர்ப்பித்துவிடுகிறது. தபால்காரர் மாதிரி. எனக்கு வேண்டியது வாங்கி வைத்துக்கொள்கிற ஆள். சணல் நார் ஒவ்வொன்றும் பிசினோடு உள்ளுக்குள் உரசிக்கொண்டு, ஆட்டத்தைக் கொஞ்சம் சூடாக்கி அங்கேயே தீர்த்துவிடும். நார்களை எல்லா அடுக்கிலும் நேராக ஓட விடாமல் ஓர் அடுக்கு நேர், ஓர் அடுக்கு சாய்வு என்று மாற்றி வைத்தால் உரசல் இன்னும் கூடும். பிசினையும் முறுக்காகக் காயவிடாமல் கொஞ்சம் இளக்கமாகக் கலக்க வேண்டும். நடுவில் ஒரு ரப்பர் விரிப்பு வைத்து, மேலும் கீழும் சணல் பலகை ஒட்டினால், மேல் பலகை ஒரு பக்கம் இழுக்க, கீழ்ப் பலகை மறுபக்கம் இழுக்க, ரப்பர் இடையில் கசங்கி மிச்சத்தை விழுங்கும். புத்தகத்தில் படித்ததுதான் எல்லாம். ஆனால் ஒரு தொப் சத்தம் கேட்கும்வரை அது என் மண்டையில் ஏறவில்லை.

சணலில் ஈரம் இருந்தால் பிசின் பிடிக்காது. துணியை வீட்டுக்கு எடுத்துவந்து மொட்டை மாடியில் காயப் போட்டோம். என் மனைவி ஒரு பக்கம் வடகம் பிழிந்திருந்தாள், மறுபக்கம் சணல். டாக்டர் பாபு தன் வேட்டியை உலர்த்த வந்தவர் சாக்குத்துணியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"மூட்டை கட்டறீங்களா, பௌமா?"

"ரோதே திச்சி," என்றாள். வெயிலில் போடுகிறேன் என்று அர்த்தம். சொல்லிவிட்டு வடகத்தைத் திருப்பிப் போட்டாள். அவர் வேட்டியை உலர்த்தாமலேயே இறங்கிப் போனார்.

பலகை செய்த அன்று பட்டறையில் ஒரு கூத்து நடந்தது. எனக்கு உதவியாக ஒரு வங்காளி மிஸ்திரி, என் வயதுக்காரர். அவர் கையில், கெட்டியாக்கும் திரவம் சேர்த்த ரெசின் டப்பாவும் ஒரு குச்சியும். நான் அச்சின்மேல் குனிந்து பிரஷ்ஷால் பூசிக்கொண்டிருந்தேன். முதல் கோட் இழுத்தாயிற்று, சணலை வைக்க வேண்டும். இரண்டு கையிலும் பிசின். அவசரத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது.

"நார்! நார்!" என்றேன்.

சணலைக் கொடு என்று நான் சொல்கிறேன். அவர் டப்பாவைக் கலக்கினார். "நார்!" என்று மறுபடி கத்தினேன். இன்னும் வேகமாகக் கலக்கினார். நான் கத்தக் கத்த அவர் கலக்க, ரெசின் முழுக்க நுரைத்து, கெட்டியாகி, டப்பா சூடேறிப் புகைய ஆரம்பித்தது. கடைசியில் குச்சி உள்ளேயே சிக்கி நின்றது. அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, முகம் சிவந்து என்னைப் பார்த்தார்.

"கலக்கிட்டுத்தானே இருக்கேன்? அதுக்கு ஏன் 'டா' போட்டுப் பேசறீங்க?"

அவர்கள் பாஷையில் 'நார்' என்று காதில் விழுகிற சொல்லுக்குக் கலக்கு, ஆட்டு என்று அர்த்தமாம். அதுவும் மரியாதை இல்லாத கலக்குடா. கொஞ்சம் மரியாதை வேண்டுமென்றால் 'நாரோ' என்று சொல்ல வேண்டுமாம். டாக்டர் பாபுவின் 'நோர்ச்சே'யும் அதே குடும்பம் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நான் ஆட்டத்தை நிறுத்த நாரைக் கேட்டிருக்கிறேன், அவர் காதில் அது ஆட்டுடா என்று விழுந்திருக்கிறது. தமிழில் நார் என்றால் என்ன என்று சணலை எடுத்துக் காட்டி விளக்கியதும் அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு நான் பட்டறையில் நுழைந்தாலே யாராவது ஒருவர் டீயைக் கலக்கியபடி "நார், நார்" என்பார்கள். நான் அந்த வேலையை விடும்வரை அது ஓயவில்லை.

இரண்டாவது டப்பாவில் பலகை நல்லபடியாக வந்தது. நடுவில் பழைய லாரி ட்யூபை வெட்டி விரித்து, மேலே காலுக்குப் பிடிப்பாகச் சொரசொரப்பு விட்டு, பழுப்பு நிறத்தில், பார்க்கச் சகிக்காத ஒரு பலகை. முதலாளி பார்த்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். மிஸ்திரியும் நானும் அதைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார்.

காளி பூஜைக்கு இரண்டு நாள் முன்பு கிரைண்டரை அதன்மேல் ஏற்றினோம். அரிசியும் உளுந்தும் போட்டு, என் மனைவி ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் கீழே போய் டாக்டர் பாபுவின் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் ஒரு நோயாளியின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து மோட்டாரின் முனகல், காதைத் தீட்டிக்கொண்டிருந்த எனக்கு மட்டும், கேட்டது. அவ்வளவுதான். ஒரு புட்டி அசையவில்லை. டாக்டர் பாபு உள்ளங்கையை அலமாரிக் கண்ணாடிமேல் வைத்தார். காதையும் வைத்தார். பிறகு கையைத் தட்டி மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"பௌமா, லோட் ஷெடிங்கா?"

நான் மேலே கையைக் காட்டினேன். அவர் தலைக்கு மேல் அவருடைய ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஃபேனைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாக்கை நீட்டியபடியே இருந்த நோயாளியும் எல்லாவற்றையும் பார்த்தார். நான் படிகளை இரண்டிரண்டாகத் தாவி மேலே ஓடினேன். என் மனைவி மாவு வழித்த கையோடு என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். என் ஒரே நல்ல சட்டை பாழாயிற்று. நான் அதைத் துவைக்கக்கூட விடவில்லை.

காளி பூஜை போயிற்று, வீடு மாறுகிற பேச்சு வரவில்லை. குளிர்காலம் வந்தது. டாக்டர் பாபு எங்களைக் கண்டால் தலையசைப்பார், ஆனால் ஏதோ யோசனையிலேயே இருந்தார். பலகையைப் பற்றி மறுபடி ஏதோ குறை வரப்போகிறது என்று எனக்குள் ஒரு பயம். ஒருநாள் காலை, கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, மார்போடு அணைத்த ஒரு மரப்பெட்டியுடன் மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

மூட்டுவலிக்கு வருகிற பெரியவர் ஒருவர் புகார் சொன்னாராம். போன வருஷம் அதே மருந்து நெருப்பாக வேலை செய்ததாம். இந்தக் குளிரில் வெறும் சர்க்கரை உருண்டைதானாம். அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர். டாக்டர் பாபு எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"என் கை முன்ன மாதிரி இல்லை. குலுக்கினா தோள் வலிக்குது." பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சு வைத்து வரிசையாகப் புட்டிகள். "பௌமா, உன் மெஷின்மேல இதைக் கொஞ்ச நேரம் வைக்கலாமா?"

எனக்கு உள்ளுக்குள் வெடிச் சிரிப்பு கிளம்பியது. என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதோடு சிரிப்பை முழுங்கினேன். பலகைக்குக் கீழேதான் அமைதி. மேலே கிரைண்டர் எப்போதும்போல் ஆடிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியை வாங்கி, இரும்புச் சட்டத்தின்மேல் வைத்து, மாவு மூடுகிற துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். புட்டிகள் கடகடவென்று பல்லடித்தன. டாக்டர் பாபு அதைத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"ஒண்ணு கேக்கணும்," என்றார். "எனக்கு இது இனிமே வருஷா வருஷம் வேணும். நீங்க உங்க தேசத்துக்குத் திரும்பிப் போற எண்ணம் ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் அந்த வீட்டில் அந்தக் கேள்விக்குச் சொந்தக்காரி வேறு ஆள். என் மனைவி கல்லின் ஓரத்தில் ஒட்டியிருந்த மாவைக் கரண்டியால் தள்ளிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"ஆம்ரா கோத்தாவ் ஜாச்சி நா, டாக்டர் பாபு."

நாங்கள் எங்கேயும் போகவில்லை. ஒரு சொல் தடுக்காமல், தெருவில் எந்தப் பெண்ணும் சொல்வதுபோலச் சொன்னாள். தமிழில் ஒருநாளும் அவள் இதை எனக்குச் சொன்னதில்லை. சந்தோஷத்தில் அசட்டுத்தனமாக அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க பார்த்துட்டே நிக்கறீங்க? பெட்டி சாயுது பாருங்க, பிடிங்க," என்றாள்.

ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.